அடிக்கணக்கு

ஃபார்கோவில் அக்டோபர், காலை எட்டேகால்.
வெண்டல் சுத்தியலைக் கம்பியின் தலையில்
மெல்ல உட்காரவைக்கிறான், அவ்வளவுதான்.
அடி விழாமலே ஒன்றரை அடி இறங்கிவிட்டது குழாய்.
ஓரடி இறங்க எத்தனை அடி என்ற கட்டத்தில்
பூஜ்யம் எழுதுகிறேன்.
இந்த ஊர் ஒரு பழைய ஏரியின் தரை.
ஏரி வற்றிப் பல்லாயிரம் வருஷம்;
களிமண்தான் இன்னும் நம்பவில்லை.

ஏப்ரலில் எனக்கு உரிமத் தேர்வு.
எண்பது கேள்வி, எட்டு மணி நேரம்,
தேறினால் என் பெயரில் ஒரு முத்திரை.
எத்தனை சரியானால் தேர்ச்சி என்று
யாரும் சொல்வதில்லை.
கெட்டித் தரை எங்கே என்று எழுதாமல்
மனை விற்பதைப் போல.

"நுனிப்புல் மேய்ந்தால் போதும், இங்கா,"
என்கிறான் லோவெல், முதல் தடவையே தேறியவன்.
"எந்தச் சூத்திரம் கையேட்டில் எந்தப் பக்கம்,
அதைப் படி. நூறு மணி நேரம்.
அதற்கு மேல் கொடுத்தால் மான் வேட்டைக் காலம் வீண்."
ரோஸ்லின் அஸூர் நான்கு புத்தகங்களைக்
கரைத்துக் குடித்தாள்.
மூன்றாம் தடவைதான் தேறினாள்.
தேர்வைப் பற்றிப் பேச மாட்டாள்.
தாங்குசுவரில் சந்தேகம் என்றால்
லோவெலும் அவள் மேசைக்குத்தான் போகிறான்.

கார்த் இரவெல்லாம் பீட்ரூட் லாரி ஓட்டுகிறான்,
அறுவடை முடியும்வரை வீடு அமைதி.
சமையல் மேசையில் கணக்குப் போட்டேன்:
வாரம் ஏழு மணி நேரம், இருபத்தாறு வாரம்,
நூற்று எண்பத்திரண்டு.
பனிப்புயலுக்கும் பல்வலிக்கும்
கார்த்தின் அம்மாவுக்கும் முப்பத்திரண்டு கழித்தேன்.
மீதியைப் பங்கிட்டேன்.
கான்கிரீட், முழங்கால் ஆழம்.
வெள்ளநீர், இடுப்பளவு.
சாலை வளைவுகளில் கணுக்கால் நனைந்தால் போதும்.
சிக்னலின் பச்சை நேரத்தைத் தொடவே போவதில்லை;
கேட்டால் 'சி' என்று குறித்துவிடுவேன்.
களிமண் அமிழ்வுக்கு இரண்டு வாரம்
என்று எழுதிவைத்தேன்.

இது ஐந்தாவது வாரம்.

குற்றம் மூர்ஹெட்டில் இருந்த ஒரு பௌலிங் அரங்கத்தினுடையது.
பள்ளிக்கூட நாளில் வெள்ளிதோறும் போவோம்.
நேராக உருட்டினாலும் ஏழாம் தடத்தில்
பந்து இடப்பக்கமே சாயும்.
மந்திரத் தடம் என்று சிரிப்போம், பந்தயம் கட்டுவோம்.
பிறகு கதவுகள் மூட மறுத்தன,
பிறகு அரங்கத்தையே மூடினார்கள்.
அதன் மண் அறிக்கையைப் போன மாதம்
அலுவலக அலமாரியில் பார்த்தேன்.
துளை முப்பதடியில் நின்றிருந்தது.
கல் தடுக்கவில்லை, காசு தடுத்திருக்கிறது.
கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை, வட்டமாக, தெளிவாக.
போட்டவரும் தேறியவர்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரிய முதலில்
எதையாவது விட்டுத்தானே ஆகவேண்டும்?
நூற்றைம்பதில் நாற்பது மணி நேரத்தைக்
களிமண் விழுங்கிவிட்டது.
அதிலிருந்து கேள்வி ஆறு வரலாம், ஏழு வரலாம்.
லோவெல் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வான்.
இடுப்பளவு வெள்ளநீர் இப்போது
முழங்காலுக்கு வடிந்துவிட்டது.

"அறுபதடி," என்கிறான் வெண்டல். "ஆர்டர் இவ்வளவுதான்."
தெர்மாஸைத் திறக்கிறான்.
நூறடிக்குப் பக்கத்தில் இருக்கும்
ஐம்பது அடிக்கும் அரையடி இறங்காத தரை.
இன்று கட்டப்போவது ஒற்றைமாடிப் பல் மருத்துவமனை,
அத்தனை ஆழம் அதற்கு வேண்டியதில்லை.
எனக்கும் வேண்டியதில்லையோ என்னவோ.
"இன்னும் ஒரு கம்பி," என்கிறேன்.
பெருமூச்சு விடுகிறான், மாட்டுகிறான்.
அடி: மூன்று.

படிவத்தின் கீழே எழுதுகிறேன்:
துளை அறுபத்தைந்து அடியில் நிறுத்தப்பட்டது.
கெட்டித் தரை காணப்படவில்லை.
இரவு என் நோட்டிலும் இப்படித்தான் எழுதவேண்டும்,
ஒவ்வொரு பாடத்துக்கும்,
நின்ற இடத்தையும் நின்ற காரணத்தையும்.
சிக்னலுக்கு: தோண்டவே இல்லை.

பேனாவில் மை உறைந்துவிட்டது.
வெண்டல் தன் பென்சிலை நீட்டுகிறான்.